ஒழுகாத கூடை

யோசனை உள்ளவர்களையும் வேலை தெரிந்தவர்களையும் சேர்த்துவைக்கும் இணையதளம் அது. "ஒழுகாத மீன்கூடை செய்யத் தெரிந்தவர் தேவை" என்று அம்மா கிளியம்மாளுக்காக ஜெயப்ரியா அதில் போட்டிருந்தாள். பஸ்ஸில் மீன்தண்ணி சொட்டுகிறது என்று கண்டக்டர் தினமும் பாதிவழியில் இறக்கிவிடுகிற கடுப்பு அம்மாவுக்கு.

ஒருவர் பதில் போட்டார்.

"பிரேக் போட்டா இடது மூலையிலதானே ஒழுகும்னு கேக்கறாரும்மா."

"கூடவே வந்து பார்த்தாமாரி கேக்கறாரே. பெரிய இன்ஜினீயர் போல கீது."

இரண்டு மாதத்தில் கூடை தயார். மேடவாக்கம் பஸ் ஸ்டாப்புக்கு வரச்சொன்னார்.

ஃபைபர் கூடையோடு நின்றவரைப் பார்த்ததும் கிளியம்மாள் முறைத்தாள். "இங்கியும் எறக்கிவுட வந்துட்டியா?"

கண்டக்டர் தயாளன் கூடையை நீட்டினார். "தெனம் உன்னை எறக்கிவுட்டு எனக்கே பேஜாராயிடுச்சுக்கா. அது எங்க ஒழுகும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"