கரையேறும்வரை

கடலுக்குப் போனவன் கரையேறும்வரை அடுப்பு அணையக் கூடாது என்பது லைட்ஹவுஸ் குப்பத்தில் தேசப்பன் வீட்டு வழக்கம். வந்ததும் அவனே கொள்ளிகளை வெளியே இழுத்துப்போட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைப்பான். அவன் மனைவி வனிதாவுக்குப் பொன்னேரியில் கம்பெனி வேலை. ஆளில்லாத ஓலை வீட்டில் நெருப்பை விட்டுவரப் பயந்து, அடுப்புக்கு எதிரே ஒரு கேமரா மாட்டியிருந்தாள். அவ்வப்போது போனில் பார்த்துக்கொள்வாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் பார்த்தபோது, தேசப்பன் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தான். தலை குனிந்திருந்தது. லுங்கியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் ஈரமாகியிருந்தது.

உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"இன்னாய்யா, வந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

காற்றிரைச்சலுக்கு நடுவே அவன் கத்தினான். "எங்க வர்றது? இன்னும் கடல்லதான் கீறோம். காத்து மாறிடுச்சி, படகு ஒரு பக்கமா சாயுது. அடுப்பு எரியுதில்ல?"

வனிதா திரையைப் பார்த்தாள். குந்தியிருந்தவன் கையில் போன் இல்லை. கடைசிக் கொள்ளியை இழுத்துப்போட்டுவிட்டு, அவன் குடத்தைத் தூக்கினான்.

"வனிதா, எரியுதில்ல?"

"எரியுதுய்யா. நீ வா" என்றாள்.

திரை முழுவதும் புகை மூடியது.