கயிறு பிடிப்பவன்

கபரியேல் கயிறு பிடிக்கும்போது எவரோடும் பேசமாட்டான். வெற்றிலை போடமாட்டான். முகத்தில் ஈ அமர்ந்தாலும் விரட்டமாட்டான்.

நீருக்குள் இறங்கியவன் மூச்சை அடக்கியதும் தானும் அடக்கிக்கொள்வான். தன் நெஞ்சு முட்டியதும் இழுத்துவிடுவான். கீழிருந்து வரவேண்டிய சைகைக்கு அவன் ஒருநாளும் காத்திருந்ததில்லை.

முத்துக்குளிப்பவர்கள் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுப்பதில்லை. மனைவியின் உடன்பிறந்தவனிடமே கொடுப்பார்கள். தங்கையின் தாலிக்காகவாவது அவன் கைவிடமாட்டான் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

இன்று அவன் தோணியில் இல்லை.

போர்த்துக்கீசப் பறங்கியரின் போர்க்கப்பலொன்றின் விளிம்பில் வெறுங்காலுடன் நின்றான்.

காற்று அறவே இல்லை. பாய்கள் துவண்டு தொங்கின. தொலைவில் ஒல்லாந்தரின் கப்பலும் அசைவற்று நின்றது. காலையில் அது எறிந்த குண்டுகளுள் ஒன்று இந்தக் கப்பலின் சிறுபடகுகளைச் சிதறடித்திருந்தது. மற்றொன்று நீர்மட்டத்துக்குக் கீழே பலகையைத் துளைத்திருந்தது.

உட்புறமாக அந்தத் துளையை அடைக்க வழியில்லை. கப்பலைச் சமன்செய்ய அடுக்கிய கற்கள் மறைத்தன. வெளியிலிருந்துதான் அடைக்கவேண்டும்.

அடித்தளத்தில், ஒல்லாந்தருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிவந்த குடும்பங்கள் நீரை இறைத்துக்கொண்டிருந்தன. பானை, தவலை, தலைப்பாகை. கைக்கு அகப்பட்டது எதுவாயினும்.

அவர்களிடையே அவன் தங்கை மதலேனும் இருந்தாள். இடுப்பில் குழந்தை.

அவளுடைய கணவன் சந்தியாகு இடையில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். ஒரு கையில் சுத்தியல். மறு கையில், கொழுப்பில் தோய்த்த துணி சுற்றிய மரமுளை.

"இன்னைக்காவது முந்தி இழுத்துராதீரும், மச்சான்."

"நான் எப்ப மாப்ளே முந்தி இழுத்தேன்?"

"எப்ப இழுக்கல? சிப்பியக் கண்ணால பாத்துக் கைய நீட்டுனா, நான் தோணியில கெடப்பேன். நீரு கயிறு புடிச்சு நான் ஏழையானதுதான் மிச்சம்."

"ஏழையா இருந்தாலும் உசுரோட இரும்."

சந்தியாகு சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"அவ கீழ இருக்கா, மச்சான்."

இறங்கிவிட்டான்.

கபரியேல் மூச்சை அடக்கினான்.

பாரத்தைக் குறைப்பதற்காகப் பீரங்கிகளைக் கடலில் தள்ளிக்கொண்டிருந்த மாலுமிகள் கையை நிறுத்திவிட்டுச் செவிசாய்த்தனர்.

சுத்தியலின் முதல் அடி பலகைகளின் வழியே அவன் பாதங்களில் ஏறிற்று.

அடி.

சற்று இடைவெளி.

அடி.

அப்போது அவன் பிடரி குளிர்ந்தது.

காற்று.

காலைமுதல் கப்பலில் இருந்த அத்தனை பேரும் எதற்காகச் செபமாலை உருட்டினார்களோ, அது வந்துவிட்டது.

ஒல்லாந்தரின் பாய்கள் முதலில் புடைத்தன. அவர்களுடைய கப்பல் மெல்லத் தன் முகத்தை இவர்கள் பக்கம் திருப்பிற்று.

கப்பித்தான் கூவினார். மாலுமிகள் பாய்மரங்களை நோக்கி ஓடினர். தலைக்குமேல் பாய்கள் ஒவ்வொன்றாக விரிந்து அதிர்ந்தன. கப்பல் அசைந்தது.

கபரியேலின் கையிலிருந்த கயிறு பின்னோக்கிச் சாயத் தொடங்கியது.

அவனை எவரும் பார்க்கவில்லை. அவனுக்கு எவரும் கட்டளையிடவுமில்லை.

அடி.

ஓடும் கப்பலுக்கு அடியில் இனியொருமுறை எவராலும் இறங்கமுடியாது. பாதி அறைந்த முளையை நீரோட்டம் பிடுங்கிவிடும்.

இழுத்தால் தாலி தப்பும். அதை அணிந்திருப்பவள் தப்பமாட்டாள்.

நெஞ்சு முட்டியது.

கைகள் பழக்கத்தால் தாமாகவே ஒரு முழம் இழுத்துவிட்டன.

கீழே ஓசை நின்றது.

கபரியேல் விரல்களைத் தளர்த்தினான். இழுத்த அந்த ஒரு முழத்தையும் நீருக்குள் விட்டான்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பாய்களின் படபடப்பு மட்டும் கேட்டது.

பிறகு, அடி.

முன்னதைவிட மெலிந்த அடி.

அடித்தளத்தின் வாயிலில் மதலேனின் தலை தெரிந்தது. கூந்தலிலிருந்து நீர் சொட்டியது. குழந்தையை எவர் கையிலோ தூக்கிக் கொடுத்தாள்.

"அண்ணே! தண்ணி நெஞ்சு மட்டுக்கும் வந்துட்டு. அவுக முடிச்சுட்டாகளா?"

அவன் கண்கள் இருண்டுகொண்டு வந்தன. கயிறு பிடித்த காலம்தொட்டு அவன் இவ்வளவு நேரம் அடக்கியதில்லை.

"அண்ணே, சொல்லேன்! மேல ஏறி வரட்டா?"

கயிறு சைகை காட்டவில்லை.

அடி. அது அவன் பாதங்களுக்கு மட்டுமே கேட்டது.

கபரியேல் வாயைத் திறந்தான்.

"மாப்ள அடிச்சிக்கிட்டுதான் இருக்காரு, மதலேன். நீ போயித் தண்ணிய எறை."

அதைச் சொல்வதற்கு அவன் மூச்சை விடவேண்டியிருந்தது.

அவள் மீண்டும் நீருக்குள் இறங்கினாள்.

அவன் புதிய காற்றை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டான்.

கயிற்றை இழுக்கவில்லை.