ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

காலை வெயில் சமையல்மேடை முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. கவிழ்த்து வைத்த பாத்திரங்களைக் கரண்டியால் தட்டி, வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டிருக்கிறாள் மகள். ஒற்றைக் காலில் குதிக்கிறாள், ஜன்னலுக்கு ஓடுகிறாள், திரும்பி வந்து பாட்டை விட்ட இடத்திலிருந்தே பிடிக்கிறாள். அவளுக்குக் கவனம் நிற்பதற்காகக் கொடுக்கும் மாத்திரை, அம்மாவின் மூடிய கைக்குள் வியர்வையில் பிசுபிசுக்கிறது. பள்ளி நாளில் மட்டும் போதும், லீவு நாளில் பிள்ளை பிள்ளையாக இருக்கட்டும் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் மதியம் நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வருகிறாள். "இவளை அடக்கி வளர்க்க உனக்குத் துப்பில்லையா?" என்று போன தடவை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுப் போனவள். ஹாலில் சோபா உறையை இழுத்துவிடும் கணவன், இந்தப் பக்கம் திரும்பாமலே, "குடுத்துட்டியா?" என்கிறான். அம்மா தண்ணீர் டம்ளரை எடுக்கிறாள். "கண்ணு, இங்க வா." பாட்டு நிற்கிறது. மகள் டம்ளரைப் பார்க்கிறாள், மூடிய கையைப் பார்க்கிறாள். கரண்டியைச் சத்தமில்லாமல் மேடையில் வைக்கிறாள். "இன்னைக்கு ஸ்கூல் இல்லையே. யாரும்மா வராங்க?" பதிலுக்குக் காத்திராமல், தானாகவே வாயைத் திறக்கிறாள்.