உப்பளக் கரையில் மாப்பிள்ளை கார்

14.5.2005, சனி. நேற்று எழுதிய ஊர்வல வரிசை தவறு. கோயிலடியில் வண்டி திரும்ப இடமில்லை என்பதை மறந்துவிட்டேன்.

மாலை வகுப்பு நோட்டில் இதை எழுதிவிட்டு, உப்பளக் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள் செந்தமிழ். அண்ணன் கல்யாண ஊர்வலத்துக்கு வரிசை போடும் பொறுப்பைக் கேட்டு வாங்கியவள் அவள். சாய்ந்த வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசவைக்கின்றன. ஊர்வலம் கிளம்பும் அம்மன் கோயில் இந்தக் கரையின் கோடியில் இருக்கிறது. கரையோ ஒரு வண்டி அகலம்தான். தீப்பெட்டியைக் காராகவும் உப்புக்கட்டியை ஜெனரேட்டர் வண்டியாகவும் வைத்து, இரண்டாம் முறையாக நகர்த்திப் பார்க்கிறாள்.

“ஏம்மா, பொண்ணு மாப்பிள்ளய உப்புத்தண்ணியில எறக்கிடப்போற. பேசாம எங்கிட்ட வுட்டுடு” என்று சிரிக்கிறார் பக்கத்தில் நிற்கும் தேசிங்கு மாமா.

“இருங்க மாமா. ரெண்டு வண்டியும் ரிவர்ஸ்லயே உள்ள போவட்டும். மொதல்ல ஜெனரேட்டரு, அப்புறம் காரு. வெளிய வரச்சொல்ல காரு முன்னாடி வந்துடும்.”

“ரிவர்ஸ் எதுக்கு? அங்கயே திருப்பிக்கலாம்.” மாமா குனிந்து தீப்பெட்டியைக் கோடிவரை தள்ளித் திருப்புகிறார். அது பாதியில் சாய்ந்து பாத்திக்குள் விழுகிறது. நனைந்த பெட்டியை எடுத்து உதறி, அவள் கையிலேயே வைக்கிறார்.

“நீயே போடும்மா.”

செந்தமிழ் நோட்டைத் திறக்கிறாள். நாளை காலை ஆறு மணி: கார் டிரைவரை அழைத்துவந்து, கரையில் ரிவர்ஸ் ஓட்டிப் பார்க்க வேண்டும்.