குளத்திடம் கேட்ட தீர்ப்பு

குளத்தின் மேல் இரண்டு நீர்ப்பூச்சிகளுக்குச் சறுக்குப் போட்டி. ஜெயிக்கும் பூச்சிக்கு அல்லிப்பூவில் ஆசனம்.

முதல் பூச்சி தண்ணீர் தெறிக்கத் தாவித் தாவிக் குதித்தது.

"அடேங்கப்பா, இதுதான் ஆட்டம்!" என்று கத்தியது வர்ணனை செய்த தவளை.

இரண்டாவது பூச்சி சத்தமே இல்லாமல் குளம் முழுக்க வளைந்து வளைந்து ஒரு சுற்று வந்தது.

"ஒரு தாவல்கூட இல்லையே! காற்று வாங்க வந்ததா?" என்றது தவளை.

"யோவ், அந்த வளைவைப் பார்த்தீரா?" என்று பாய்ந்தது, மேலே பறந்தபடி போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த தட்டான்.

"தாவத் தெரியாத உமக்கு ஆட்டத்தைப் பற்றி என்னய்யா தெரியும்?" என்றது தவளை.

சண்டை முற்றியது. கடைசியில் தவளையும் தட்டானும் குளத்திடமே தீர்ப்புக் கேட்டன.

"முதல் பூச்சி மிதித்ததில் உடம்பெல்லாம் வலிக்கிறது" என்றது குளம். "அது இருக்கட்டும், இரண்டாவது பூச்சியை எப்போது இறக்கப் போகிறீர்கள்?"