நோன்பு நேரத்து அளவு

"மெஹ்ரினை இன்னொரு தடவை அளக்கணும், கோச்."

பிரிக்ஃபீல்ட்ஸ் ஓட்டக் கிளப்பில் யாரும் வாய்விட்டுக் கேட்கக்கூடாத கோரிக்கை அது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அம்மா படித்துப் படித்துச் சொன்னாள்: "மெஷின் காட்டுறத எழுதிட்டு வா. வாயத் திறக்காதே." கிளப்பில் பிள்ளைகளின் உடல் அளவுகளைக் குறித்துவைக்கும் ரமணி திறந்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். வாயை மூடி வைத்துக்கொள்ளும் பாடத்தில் மட்டும் இன்றுவரை பாஸாகவில்லை.

கோச் பாலன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கொழுப்பு இருபத்தஞ்சு பர்சென்ட் தாண்டினா ரிலே டீம்ல இடமில்ல. அவளுக்கு இருபத்தெட்டு. அப்புறம் என்னலா?"

"எப்ப அளந்தீங்க?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"புவாசா மாசம். டீம்ல நோன்பு இருக்கிறது அவ ஒருத்திதான். விடியறதுக்கு முன்ன குடிச்ச தண்ணியோட வந்து நின்னிருக்கா."

"அது அவளுக்கு நல்லதுதானே? பட்டினி கெடந்தா கொழுப்பு கம்மியாத்தான் காட்டும். மத்த பிள்ளைங்கதான் நியாயம் கேக்கணும்!"

ரமணிக்குச் சுள்ளென்று ஏறியது.

"அந்த மெஷின் கொழுப்பையா பாக்குது? பாதம் வழியா கரண்ட் விட்டு, ஒடம்புல தண்ணி எவ்வளவுன்னு பாக்குது. தண்ணி குறைஞ்சா அதையும் கொழுப்புக் கணக்குல சேத்துடும். பொண்ணோட தாகத்துக்கு மார்க் போட்டிருக்கீங்க, கோச்."

"உனக்குத்தான் கொழுப்பு ஜாஸ்தி."

"அதையும் அளந்து எழுதிக்குங்க. முதல்ல அவளைக் கூப்பிடுங்க."

மெஹ்ரின் வந்தாள். பதினைந்து வயது, அழுது வீங்கிய கண்கள். ரமணி பையிலிருந்து காலிபரை எடுத்தாள். மேற்கையின் பின்புறத்திலும் கெண்டைக்காலிலும் தோலை மடித்துப் பிடித்து, இடுக்கி வைத்து அளந்தாள். திரும்பவும் அளந்தாள்.

"வலிக்குதா?"

"இல்லக்கா. நேத்து எல்லார் முன்னாடியும் நம்பரைப் படிச்சாங்கல்ல, அதுதான் வலிச்சிச்சு."

ரமணி கணக்குப் போட்டுக் காட்டினாள். இருபத்துமூன்று பர்சென்ட்.

கோச் மெஹ்ரினை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "உன் இடுக்கியும் தப்பாகலாம்லா."

"கை தப்பினா தப்பும். அதான் திரும்பத் திரும்பப் புடிச்சேன். ஆனா, தண்ணி குடிச்சியான்னு இது கேக்காது."

அவர் குரல் இறங்கியது. "மெஹ்ரினைச் சேத்தா, அவ எடத்துக்கு எடுத்த பொண்ணை அனுப்பணும். அந்தப் பொண்ணு சந்தோஷத்துல நேத்து தூங்கியே இருக்க மாட்டா."

"தெரியும்."

"யோசிச்சுக்க ரமணி. நீ பேசாம இருந்தா போதும். நான் ஒன்னும் கேக்கல, நீ ஒன்னும் சொல்லல."

"மெஹ்ரின் பேரை எழுதுங்க கோச். அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரமணி வெளியே நடந்தாள்.

திடலோரத்தில் புது ஜெர்சி போட்ட பெண் ஒருத்தி, கையில் போனோடு ஓடி வந்தாள். "அக்கா! வீடியோ கால்ல அம்மா. ஜெர்சி அளவு சரியா இருக்கான்னு பாக்குறாங்க. நீயும் வந்து நில்லு!"

ரமணி தங்கையின் தோளில் கை போட்டாள். "கழட்டிக் குடுத்துட்டு வா, மலர். போனைக் குடு, அம்மாகிட்ட நான் பேசுறேன்."