முகமூடிக்காரனின் முகம்

"ஏலே, கொஞ்சம் ஒக்காருடா. நீ நடக்குற நடைக்கு இந்நேரம் வத்தலக்குண்டே போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்றான் சைஃபுல்லா.

ஞானவேல் உட்காரவில்லை. செண்பகனூர் டீக்கடை வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே மறுபடி ஒரு நடை. பனியில் ரோடு தெரியவில்லை. ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் அவன் கழுத்து நீண்டது. நெஞ்சோடு அணைத்திருந்த பைக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு ஜெர்மன் காமிக்ஸ்.

"வருவாங்களாடா?"

"அட்டுவம்பட்டியில இருந்து இந்தப் பனியில பறந்தா வர முடியும்? நீதான் வெள்ளனேயே என்னை இழுத்துட்டு வந்துட்ட. மொபைல் கடையை யாரு தொறக்குறது? எனக்கும் சோலி கெடக்குடா."

எல்லாத்துக்கும் காரணம் 'மாலுமி ப்ரெவான்' என்ற காமிக்ஸ். மூணு வருஷத்துக்கு முன்னால் ஞானவேல் கையில் அதன் முதல் பாகம் பிரெஞ்சில் கிடைத்தது. மொழி தெரியாது, படம் போதும். கடைசிப் பக்கத்தில் ப்ரெவான் அருவிக்கு மேலே கயிற்றில் தொங்குகிறான். மேலே ஒரு முகமூடிக்காரன் கத்தியால் கயிற்றை அறுக்கிறான். கீழே 'தொடரும்'. ஞானவேலுக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தை அதுதான்.

அன்றைக்குப் போனது தூக்கம். இரண்டாம் பாகம் எங்கும் இல்லை. ஸ்பானிஷ், போலிஷ், போர்ச்சுகீஸ் என்று தேடித் தேடி வாங்கினான். எல்லாமே முதல் பாகம். எல்லா மொழியிலும் அந்தக் கயிறு அறுந்துகொண்டே இருந்தது.

"நெட்டுல தேடிப் பாத்தா கெடைக்காதா?"

"போன்ல பாக்குறதுக்குப் பேரு படிக்கிறதாடா?"

சைஃபுல்லா தலையில் அடித்துக்கொண்டான். ஞானவேல் நடத்தும் வாட்ஸப் காமிக்ஸ் குரூப்பில் இரண்டே சட்டம்: பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடக் கூடாது, முடிவைச் சொல்லக் கூடாது. போன மாசம்தான் வடகவுஞ்சி சண்முகராஜ் ஒரே ஒரு பக்கம் போட்டான் என்று குரூப்பை விட்டே தூக்கியிருந்தான்.

பனிக்குள்ளிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மழைக்கோட்டைக் கழற்றாமலே ஒரு பெண் இறங்கினாள்.

"நீங்கதான் அட்மினா? நான் சுசித்ரா. குரூப்ல நீங்க போடுற போடுக்கு, மீசை வெச்ச பெரிய ஆளுன்னுல்ல நெனச்சேன்."

சைஃபுல்லா டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"புக்கு?" என்றான் ஞானவேல்.

"வணக்கம்கூட கெடையாதா?" சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மெலிந்த புத்தகத்தை எடுத்தாள். "இத்தாலியன். ரெண்டாம் பாகம். ஒண்ணு இப்பவே சொல்லிடுறேங்க. கடைசித் தாள் கிழிஞ்சு போச்சு. ப்ரெவான் முகமூடியில கைய வைக்கிறான், அதோட..."

"சொல்லாதீங்க!" ஞானவேல் காதைப் பொத்திக்கொண்டான்.

"ஆளு யாருன்னு எனக்கும் தெரியாதுங்க. அதான் சொல்ல வந்தேன்."

ஞானவேலின் முகம் வாடிப்போனது. ஆனால் கை மட்டும் இத்தாலியன் புத்தகத்தை நோக்கியே நீண்டிருந்தது. மூணு வருஷம். கயிறு அறுந்ததா இல்லையா என்றாவது தெரிய வேண்டாமா?

"பதிலுக்கு ஜெர்மன் குடுக்குறேன்னு சொன்னீங்களே. என்கிட்ட அந்த மொழிப் புக்கு மட்டும்தான் இல்லை" என்றாள் சுசித்ரா.

அவன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தான். சைஃபுல்லா அதைக் கையில் தூக்கிப் பார்த்தான். "கொஞ்சம் யோசிடா. குண்டு புக்கைக் குடுத்துட்டு ஒல்லி புக்கை வாங்குறியே?"

"ஜெர்மன்காரன் தாளே தடிமனா இருக்கும்டா. பிரெஞ்சுல இருக்குற அதே அட்டைப்படம், பாரு. இதுவும் முதல் பாகம்தான்."

"பிரிச்சுப் பாத்தியா?"

"பிரிச்சா மதிப்பு போயிருமே! மூணு வருஷமா வந்த உறையோடயே பீரோவுல வெச்சிருந்தேன்."

புத்தகங்கள் கைமாறின. அடுத்த நொடி 'சர்ர்'ரென்று ஒரு சத்தம். சுசித்ரா பல்லால் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ!" என்று அலறினான் ஞானவேல்.

"படிக்கத்தானங்க புக்கு?" அவள் ஒரு டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்தாள்.

அவனும் நின்றபடியே புரட்டினான். கயிறு அறுந்தது. ப்ரெவான் விழுந்தான், மிதந்தான், கரையேறினான். கப்பல், குகை, கலங்கரை விளக்கம். கடைசியாக உச்சிப் படிக்கட்டில் முகமூடிக்காரன் மாட்டினான். ப்ரெவானின் விரல்கள் முகமூடியின் ஓரத்தைப் பிடித்தன.

அடுத்து, கிழிந்த தாளின் விளிம்பு.

"சை!" என்று நிமிர்ந்தான்.

சுசித்ரா ஜெர்மன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். டீ ஆறிப்போயிருந்தது. அவள் கண் மட்டும் அகலமாக விரிந்திருந்தது.

"அடப்பாவி, இவனா!" என்றாள்.

"எவன்? அதுல கயிறு அறுக்குறதோட முடியும்ல?"

அவள் புத்தகத்தை மூடி மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"யாருங்க அது? சொல்லுங்க!"

"முடிவைச் சொன்னா குரூப்ல இருந்து தூக்கிருவீங்களே, அட்மின்." ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள். "ரெண்டு பாகத்தையும் சேத்து ஒரே புக்கா போட்டிருக்கான் ஜெர்மன்காரன். மூணு வருஷமா அந்த முகமூடிக்காரன் முகமூடியைக் கழட்டிட்டு உங்க பீரோவுக்குள்ளதாங்க ஒக்காந்திருந்தான்!"